போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தயங்கி நிற்பவருக்கு ஒரு இணையதளம்

பெருந்துறையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா சிட்டா, ரயில் டிக்கெட், காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் வழக்கமான வேலைகள். சில வருடங்களாகக் கூடிக்கொண்டே வரும் இன்னொரு வேலை, போலீஸ் சம்பந்தப்பட்டது. ஆர்.சி. புக் தொலைந்துபோச்சு, எஃப்.ஐ.ஆர். காப்பி எடுக்கணும், கொடுத்த மனு என்ன ஆச்சுன்னு பார்க்கணும், ஆக்சிடென்ட் கேஸுக்கு இன்சூரன்ஸ்காரர் பேப்பர் கேட்கிறார், அக்கவுண்டில் இருந்து பணம் போயிடுச்சு. இவர்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவர்கள். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, படிவத்தை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்த ஸ்டேஷன், யாரைப் பார்க்கணும், என்ன கொண்டுபோகணும், காசு கேட்பாங்களா, ஒரு தடவை போனா திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்களா, பொம்பளைப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா.

காவல்துறை தன் இணையதளத்தை இவர்களை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். பத்திரிகைக்காரர்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் செய்தி போய்ச் சேர வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு வேறு வழி இல்லை. தெரிந்த கட்சிக்காரர் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார், இல்லாவிட்டால் போகவே மாட்டார்.

ஏற்கனவே இருப்பதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நல்ல வசதிகள் இருக்கின்றன. ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். மனுவை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் தரும் ரசீதான சி.எஸ்.ஆரின் எண்ணைப் போட்டு மனுவின் நிலையைப் பார்க்கலாம். லைசென்ஸ், ஆர்.சி., பாஸ்போர்ட், மார்க் ஷீட், அடையாள அட்டை தொலைந்தால் ஸ்டேஷன் படியே ஏறாமல் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். விபத்து வழக்கின் ஆவணங்களையும் இறக்கிக்கொள்ள முடியும். சேலம் கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் எங்களைப் போன்ற ஊர்களில் இது எவ்வளவு பெரிய உதவி என்று, அடிபட்ட மகனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பேப்பருக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவும் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நான் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். அது எனக்குத் தொழில், சரி. ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒரு போர்டில் இந்த முகவரியையும் அதில் என்னென்ன செய்யலாம் என்பதையும் தமிழில் எழுதி வைத்தால் பாதிப் பேருக்கு நான் தேவைப்பட மாட்டேன்.

எஃப்.ஐ.ஆர். இணையத்துக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், யூத் பார் அசோசியேஷன் என்ற வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கில், பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். பாலியல் குற்றங்கள், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. அதையும் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும். அந்த வருடம் நவம்பர் 15 முதல் இது நடைமுறை. அதற்கு முன்னால் ஒரு காப்பிக்காக ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் வக்கீல் ஆபீஸுக்கும் நடந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் இணையத்தில் ஏறியதும் அந்த நடை நின்றது.

போன வருடம் வந்த ஒரு விவசாயியின் விஷயத்தைச் சொல்கிறேன். கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிளை ராத்திரி வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக் கம்பிக்காக இப்படித் திருடுவது நம் பக்கம் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. ஒயரின் விலை சில ஆயிரம்தான் என்றாலும், மோட்டார் ஓடாத நாட்களில் மஞ்சள் தண்ணியில்லாமல் நிற்கும், அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். புகார் கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தால், படிவம் மாவட்டத்தைக் கேட்டது, சொன்னார். அடுத்து எந்தக் காவல் நிலையம் என்று ஒரு பட்டியல் இறங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, எங்க தோட்டம் ரோட்டுக்கு இந்தப் பக்கமுங்க, ஊரு அந்தப் பக்கமுங்க. எந்த டேசன்னு இதுல காட்டாதுங்களா?" என்றார். காட்டாது. பட்டியலில் ஸ்டேஷன் பெயர்கள் இருந்தன, எந்தக் கிராமம் எதில் சேரும் என்பது இல்லை. அவர் அதற்கு முந்தின நாள் நேரிலேயே ஒரு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார், இது எங்க எல்லை இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். வயசான மனுஷன், டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் வெயிலில் அங்கேயும் இங்கேயும்.

நம் பக்கம் எல்லை என்பது சாதாரண விஷயம் இல்லை. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டிலிருந்து அங்கே போனது. 2014-ல் திருப்பூருக்கு மாநகரக் கமிஷனர் அலுவலகம் வந்தது. கோவை, சேலத்துக்கு அது முன்பே உண்டு. ஆக ஒரே ரோட்டில் கமிஷனருக்குக் கீழே கொஞ்ச தூரம், எஸ்.பி.க்குக் கீழே கொஞ்ச தூரம். தாலுகா ஒன்று, ஸ்டேஷன் வேறு, அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்னொரு ஊரில். எல்லை தெரியாமல் போனாலும் புகாரை வாங்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது, மின்னணு முறையில் அனுப்பிவிட்டு 3 நாட்களுக்குள் கையெழுத்துப் போட்டால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விவசாயிக்கு இதை எடுத்துச் சொன்னேன். "இது டேசன்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றுதான் கேட்டார். அவர் கேட்டது நியாயம். இந்த இரண்டு வரியையும் மாவட்டக் காவல்துறையின் பக்கத்திலேயே போட்டிருந்தால், பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். பிரவுசிங் சென்டர்காரன் சொன்னான் என்று ஸ்டேஷனில் சொல்ல முடியாது, உங்கள் இணையதளத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

கிராமத்தின் பெயரைப் போட்டால் ஸ்டேஷன் பெயர், போன் நம்பர், எந்த மகளிர் காவல் நிலையம், எந்த டி.எஸ்.பி., போகும் வழி என்று காட்டும் ஒரே ஒரு பக்கம் போதும். தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு ஒரு வாரத்து வேலை. அந்தப் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சுவரில் மாட்டியே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் மாறும்போது பெயரையும் உடனே மாற்ற வேண்டும். நான் பார்த்த ஒரு பக்கத்தில், மாறுதலாகி எத்தனையோ நாளான அதிகாரியின் பெயர் அப்படியே இருந்தது. அதை நம்பிப் போன ஒரு பெண், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஏற்கனவே பயந்துகொண்டு போனவர்.

இணையதளம் எதற்கு, அதுதான் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் என் கடையில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை.

எங்கள் சிப்காட்டில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கேட்கவே வேண்டாம். அந்த மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள், தன்பாத் வண்டியில் எந்த நாளாவது இடம் இருக்கிறதா பாருங்கள் பையா என்று. ஹோலிக்குப் போகிறவர்கள் எப்போதும் போவார்கள்தான், ஆனால் இது வேறு. ஒருவன் போனில் அந்த வீடியோவைக் காட்டினான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டார்கள். அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. மொழி புரியாவிட்டாலும் என்ன சொல்கிறார்கள் என்று புரிந்தது.

அன்றைக்கு டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, அந்த வீடியோக்கள் பொய் என்று அறிவித்தார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டிக்குள் நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று விளக்கினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. திருப்பூரில் இந்தி பேசுபவர்களை வைத்து உதவி எண்கள் கொடுத்தார்கள். காவல்துறை நன்றாகவே வேலை செய்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு நான் காட்ட வேண்டியிருந்தது என்ன? அவன் போனில் வந்தது ஒரு ஃபார்வேர்டு. நான் காட்டியதும் இன்னொரு ஃபார்வேர்டு மாதிரிதான் அவனுக்குத் தெரிந்தது. போலீஸ் உடுப்பில் ஒருவர் பேசுகிறார், சரி, இது நிஜமா என்று எப்படித் தெரியும்? ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும் முகவரியில், தேதியும் நேரமும் போட்டு, இந்தியிலும் தமிழிலும், இந்த வீடியோ இந்த இடத்தில் இந்தக் காரணத்துக்காக நடந்தது, உங்கள் பகுதிக்கு இந்த எண் என்று ஒரு பக்கம் என் கண்ணில் பட்டிருந்தால், அந்த முகவரியை அவன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கலாம். அவர்கள் ஊர் ஸ்டேஷனில்கூடக் காட்டிக் கேட்டிருப்பார்கள். சமூக வலைத்தளத்தில் போடுவது ஊருக்குள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது போல. வண்டி தெருவைத் தாண்டிவிட்டால் சொன்னது என்ன என்று திரும்பக் கேட்க முடியாது. வதந்தி மறுநாளும் அடுத்த மாதமும் திரும்ப வருகிறது. அப்போது காட்டுவதற்கு ஒரு நிலையான பக்கம் வேண்டும்.

இதில் தாமதமானால் உயிரே போகும். 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி, போளூர் பக்கம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

நம் பக்கத்துப் பயம் இப்போது சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி பக்கம் வயதான தம்பதி கொலை செய்யப்பட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் நடுக்காட்டில் தனியாக இருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப் குரூப்புகளில் வந்ததையெல்லாம் படித்தால் தூக்கம் வராது. இன்ன ஊரில் டவுசர் போட்ட கும்பல், இன்ன ரோட்டில் வேன். எது உண்மை, எது ஐந்து வருடத்துக்கு முந்தின வீடியோ? வெளியூரில் இருக்கும் மகன் ராத்திரி பதினொரு மணிக்குத் தேடிப் பார்க்கும்போது மாவட்டக் காவல்துறையின் பக்கத்தில் என்ன கிடைக்க வேண்டும்? ரோந்து எப்படி நடக்கிறது, எந்த எண்ணைக் கூப்பிட்டால் ரோந்து வண்டிக்குப் போகும், தனியாக இருப்பவர்கள் ஸ்டேஷனில் பெயர் கொடுத்து வைக்கலாமா, கேமரா எங்கே வைத்தால் பயன்படும், நாயை மட்டும் நம்பலாமா. இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு கிராமக் கூட்டத்திலும் போலீஸ்காரர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பதில்கள் கூட்டத்துக்கு வந்தவர்களோடு போய்விடுகின்றன. அதையே எழுத்தாகப் போட்டால் போதும்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2011-ல் போலீஸ் டாட் யூகே என்ற தளத்தில் தெரு வாரியாகக் குற்ற வரைபடம் போட்டார்கள். வந்து பார்த்த கூட்டத்தில் முதல் நாளே தளம் முடங்கிவிட்டது. பின்கோடைப் போட்டால் அந்தப் பகுதிக்கான போலீஸ்காரர்கள் யார், அடுத்த மக்கள் கூட்டம் எப்போது, மாதத்தில் என்னென்ன குற்றம் என்று காட்டுகிறது. எந்த வீடு என்று தெரிந்துவிடாமல் இடத்தைக் கொஞ்சம் தள்ளிக் குறிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி, அந்தப் புகார் என்ன ஆயிற்று என்பதையும் போடுகிறார்கள். விசாரணை முடிந்தது, சந்தேகத்துக்குரியவர் யாரும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே இருக்கிறது. கிடைக்கவில்லை என்று சொல்வதால் போலீஸ் மீது மரியாதை குறையும் என்று இங்கே நினைக்கிறார்கள் போல. என் கடைக்கு வரும் ஆட்களைப் பார்த்துச் சொல்கிறேன், கிடைக்கவில்லை என்பதைத் தாங்கிக்கொள்கிறார்கள், ஒன்றும் சொல்லாமல் விடுவதைத்தான் தாங்க முடியவில்லை. கேபிள் திருட்டும் ஆடு திருட்டும் எந்தப் பகுதியில் எத்தனை என்று மாதாமாதம் போட்டால், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவர்களாகவே முறை போட்டுக் காவலுக்குப் போவார்கள்.

மான்செஸ்டர் போலீஸ் 2010 அக்டோபரில் ஒரு நாள் முழுக்கத் தங்களுக்கு வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாக ட்விட்டரில் போட்டது. 24 மணி நேரத்தில் 3,000-க்கும் மேல். பாலத்தின் மேல் ஒருவர் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் என்று பதறிப்போய் ஒரு அழைப்பு. போய்ப் பார்த்தால், பாலத்தைக் கண்டு பயப்படும் தன் நாயைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். போலீஸ்காரர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று ஊருக்குக் காட்ட இதைவிட என்ன வழி இருக்கிறது? நம் ஊர் ஸ்டேஷனில் ஒரு முகூர்த்த நாளில் எத்தனை கல்யாண வீட்டுப் பஞ்சாயத்து, எத்தனை விபத்து, காணாமல் போன எத்தனை பெரியவர்கள் என்று பார்த்தால், அங்கே இருக்கும் பத்துப் பதினைந்து பேர் மீது ஊருக்கே பரிவு வரும்.

புகார்தாரருக்கு 90 நாட்களுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது நம் சட்டத்திலேயே இருக்கிறது, பி.என்.எஸ்.எஸ். 193-வது பிரிவு. மின்னணு முறையில் தெரிவித்தாலும் சரி என்கிறது. இதற்கு இணையதளத்தைவிடத் தோதான இடம் எது?

எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியில் சொன்னார், அரசாணையிலும் அந்தப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு புகார் கொடுக்க முன்வர மற்ற பெண்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! ஒன்பது பேருக்கு 2025 மே மாதம் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது என்றால், அந்தத் தைரியத்தால்தான். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில், விவரம் வெளியே போக இணையதளமே காரணமாகிவிட்டது. பூட்டப்பட்டிருக்க வேண்டிய எஃப்.ஐ.ஆர். திறந்து கிடந்தது. பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யிலிருந்து புதிய பி.என்.எஸ்.க்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. உயர் நீதிமன்றம் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் கிடைத்தால் மட்டும் போதுமா, அந்த எஃப்.ஐ.ஆரை ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் கையில் அது இன்னும் இருக்கும். பிரிவு எண்ணைப் பார்த்துத் தானாகப் பூட்டும் என்று சாஃப்ட்வேரை மட்டும் நம்பாமல், இந்த வகை வழக்குகளை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு அதிகாரி தன் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

அப்புறம் பண மோசடி. ஈமு கோழி வளர்த்தால் லாபம் என்று பணம் வாங்கி ஏமாற்றியதையும், அதிக லாபம் தருவதாகப் பணம் வாங்கிய பாசி நிறுவனத்தையும் பார்த்த ஊர் இது. 2012-ல் ஈமு விவகாரம் வெடித்தது எங்கள் பெருந்துறையில்தான். பாசி வழக்கில் 2022-ல் முதலீட்டாளர் பாதுகாப்பு வழக்குகளுக்கான கோவை டி.என்.பி.ஐ.டி. நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 வருடம் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. அதற்குள் பணம் போட்ட பெரியவர்கள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்றைக்கு வடிவம் மாறிவிட்டது: டிஜிட்டல் கைது என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு மிரட்டுகிறார்கள், டெலிகிராமில் பகுதி நேர வேலை என்கிறார்கள், டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைல், அதாவது போனில் ஏறும் ஒரு ஆப், அனுப்புகிறார்கள். மோசடி செய்பவனே போலீஸ் பெயரில் வரும்போது, உண்மையான போலீஸ் எங்கே இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிய ஒரு நிலையான முகவரி வேண்டாமா? டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது, பணம் போனால் உடனே 1930, அப்புறம் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார். இந்த ஒரு வரி மாவட்டக் காவல் பக்கத்தைத் திறந்ததும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பணம் கை மாறி வெளியே போவதற்குள் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் மறுநாள்தான் வருகிறார்கள், வீட்டில் சொல்லப் பயந்து ஒரு ராத்திரியை விட்டுவிட்டு.

ஒரு நிதி நிறுவனத்தில் ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்ட ஒரு வாத்தியார் மாதத்துக்கு ஒரு முறை வருவார். நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் ஈ கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துச் சொல்வேன், டைரியில் எழுதிக்கொள்வார். தேதியைத் தவிர அதில் அவருக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இருக்காது. எத்தனை பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள், எந்தச் சொத்தை முடக்கியிருக்கிறார்கள், ஏலம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பங்கு கேட்டு இனி மனுப் போட வேண்டுமா இல்லையா, இந்த நான்கும்தான் அவர் கேட்பது. விசாரிக்கும் பொருளாதாரக் குற்றப்பிரிவிடம் இந்த நான்குக்கும் பதில் இருக்கிறது. வழக்கு வாரியாக ஒரு பக்கம் திறந்து, மாதாமாதம் ஒரு பத்தி எழுதினால், அவரைப் போன்றவர்கள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.